என் தங்கச்சியின் லிவர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு, "இந்தம்மா ஏன் இப்படிக் கத்துது?" என்று யாரும் கேட்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். காரில் எனக்குப் பக்கத்து சீட். காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக். ஓட்டப் பழகுகிறவர் எதிரே வரும் சைக்கிளைப் பார்க்காமல் விட்டால் அந்தப் பிரேக்கை மிதிக்க வேண்டியவள் நான். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு சாந்தமாகப் பேசுகிறவர் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், காலில் விழுகிறேன்.

என் தங்கச்சி நேர் எதிர். அதிர்ந்து பேச மாட்டாள். கார் கம்பெனி ஒன்றில் வேலை. எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை. ஓட்டுகிறவர் கை படுகிற இடமெல்லாம் அவள் பொறுப்பு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லிவர்கள், ஏசியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், ஹாரன் எல்லாம். எங்கள் அம்மா அக்கம்பக்கத்தில், "சின்னவ காருக்கு ஸ்விட்ச் போடுறா" என்று தம்பட்டம் அடித்து வைத்ததில், பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு மின்விசிறி ஓடவில்லை என்று அவளைக் கூப்பிட்டுவிட்டார். அவளும் மறுபேச்சில்லாமல் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று வருஷம் அவள் ஒரே ஒரு இண்டிகேட்டர் லிவரோடு குடித்தனம் நடத்தினாள். சும்மா சொல்லவில்லை. மாடியில் அவள் அறைக்குப் போனால் மேஜை முழுக்க லிவர்தான். தடித்தது, மெலிந்தது, நுனி உருண்டது, நுனி சப்பையானது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் ஒட்டியிருப்பாள். சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் ஒரு பழைய ஸ்டியரிங்கைத் திருகி மாட்டிவைத்திருந்தாள். என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"அத்தான், கைய துடைக்காதீங்க. ஈரக் கைதான் வேணும். கண்ண மூடுங்க. இது இண்டிகேட்டரா, வைப்பரா?"

"ஏம்மா, மனுஷன நிம்மதியா சாப்பிட விட மாட்டியா?"

"ஒரே நிமிஷம் அத்தான்."

அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரமாகும். வைப்பர் லிவரின் நுனியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், இண்டிகேட்டரின் நுனி வழுவழுவென்று இருக்கும். கண் பார்க்காமலே விரலுக்கு விஷயம் தெரிய வேண்டும் என்பாள். தள்ளினால் முதலில் ஒரு சின்னத் தடை, அதைத் தாண்டினால் 'டிக்'. அந்த டிக் காதுக்குக் கேட்காவிட்டாலும் விரலுக்குக் கேட்க வேண்டுமாம். வண்டி திரும்பி நேரானதும் லிவர் தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும். வருவதும் வெடுக்கென்று வரக் கூடாது. நாற்பத்தொன்றாவது லிவரை என் கையில் கொடுத்த அன்று நான் குறை சொல்ல வாயைத் திறந்து, சொல்ல ஒன்றும் இல்லாமல் மூடிக்கொண்டேன். என் வாயை மூடவைத்த பொருள் உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்குப் புதிதாக ஒரு தலைமை வடிவமைப்பாளர் வந்து சேர்ந்தார். நான் அவருக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்தேன். மூக்குக் கண்ணாடியெல்லாம் போட மாட்டார். காருக்குள் இருக்கிற எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு ஒரே கண்ணாடித் திரையாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. குமிழ் வேண்டாம், பட்டன் வேண்டாம், லிவர் வேண்டவே வேண்டாம். இண்டிகேட்டருக்கு ஸ்டியரிங் சக்கரத்தின் மேலேயே, இடது கட்டைவிரல் படுகிற இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன அம்புகள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. தொட்டால் போதும். அந்த அம்புகளைச் செய்யும் வேலையை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? என் தங்கச்சியிடமே.

"செஞ்சியா?" என்று கேட்டேன்.

"செஞ்சேன்."

"அரைகுறையா செஞ்சு கொடுத்திருக்கலாம்ல?"

"அது என்ன பேச்சு அக்கா? என் கையால வெளிய போறது ஒழுங்காத்தான் போகணும்."

கேட்டீர்களா? தன் பிள்ளையோடு போட்டிக்கு வருகிற பிள்ளைக்கும் தலை சீவி அனுப்புகிறவள் அவள். எனக்கு வயிறு எரிந்தது. அதே சமயம், இவள் என் கூடப்பிறந்தவளாக்கும் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, திட்டித்தான் அனுப்பினேன்.

அந்த அம்புகளில் ஒரு வில்லங்கம் இருந்தது. சக்கரம் திரும்பினால் அம்புகளும் கூடவே திரும்பும். அரை வட்டம் ஒடித்துப் பாருங்கள், இடப்பக்கம் இருந்த அம்புகள் வலப்பக்கம் போய்த் தலைகீழாக நிற்கும். இடது அம்பு வலப்புறமும் வலது அம்பு இடப்புறமுமாக இடம் மாறியிருக்கும். லிவர் அப்படியில்லை. அது சக்கரத்தில் இல்லை, அடியில் இருக்கும் தண்டில் இருக்கிறது. சக்கரம் எப்படிச் சுழன்றாலும் அது இருந்த இடத்தில் இருக்கும். ஸ்டியரிங் பிடித்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று சின்னவள் சொன்னபோது நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர்கள் சோதித்துப் பார்ப்பது மரத்தால் செய்த ஒரு மாதிரிக் காரில். பாதிக் கார். கதவு கிடையாது, டயர் கிடையாது. ஹாலின் நடுவே கம்பளத்தின் மேல் நிற்கும். அதன் ஸ்டியரிங் திரும்பாது! படம் எடுக்கும்போது கோணலாகத் தெரியக் கூடாது என்று நான்கு போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நான்கு மாதமாக ஐம்பது பேர் வந்து, திரும்பாத ஸ்டியரிங்கில் அம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "ஆகா, பிரமாதம்" என்று பத்துக்கு ஒன்பது மார்க் போட்டிருக்கிறார்கள். போடாமல் என்ன செய்வார்கள்? அந்த வண்டி கம்பளத்தை விட்டு எங்கே போகப்போகிறது?

சின்னவள் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னாளாம். அவள் கூட்டத்தில் எழுந்ததே அதிசயம். கண்ணாடி முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. ஒரே ஒரு காலை நேரம் கொடுத்தார். கம்பெனி மைதானத்தில் இரண்டு நிஜக் கார்கள், ஒன்றில் லிவர், ஒன்றில் அம்பு. வெளியாட்கள் வந்து ஓட்டுவார்கள். தப்பாகத் தொட்டால் ஒரு பிழை. அன்றைக்கு முடிவாகிறதுதான் முடிவு. அம்பு ஜெயித்தால் நாற்பத்தொன்றாவது லிவர் குப்பைக்குப் போகும், அம்பு வைத்த கார் ஊரெல்லாம் ஓடும்.

ஓட்டுகிறவர் பக்கத்தில் இரண்டாவது பிரேக்கோடு யாராவது உட்கார வேண்டும். அம்புக் காருக்கு என்னைக் கூப்பிட்டார்கள். லிவர் காருக்கு எனக்குப் போட்டியாக ஸ்கூல் நடத்துகிறவர் வந்தார். அவரை நாங்கள் 'சைலன்சர்' என்போம், சைலன்சர் ஓட்டையான லாரி மாதிரிக் குரல்.

கிளம்பும்போதே சின்னவள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அக்கா, நீ வழி மட்டும் சொல்லணும். வேற எதுக்கும் வாயத் திறக்கக் கூடாது. நான் ஜெயிச்சா நியாயமா ஜெயிக்கணும்."

மைதானத்தில் வெள்ளைக் கோடு போட்டுச் சாலைகள், நடுவில் பழைய டயர்களை அடுக்கி ஒரு ரவுண்டானா, ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கூம்புகள். இரண்டையும் செய்தவள் காருக்குப் பக்கத்தில் நின்றால் ஓட்டுகிறவர் மனசு மாறும் என்று சொல்லி, சின்னவளை ரவுண்டானாவின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன வேலை? கார் இடித்துச் சாய்க்கிற கூம்பை எடுத்து நிறுத்துகிற வேலை! இத்தனை படித்தவள், மூன்று வருஷம் ராப்பகலாக உழைத்தவள், மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு கூம்பு பொறுக்கினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியம் பண்ணித் தொலைத்திருந்தேனே.

பதினொரு பேர் ஓட்டினார்கள். பிழைகளைத் தாளில் குறிப்பெழுதக் கம்பெனி அம்மா ஒருவர் பின்சீட்டில் இருந்தார். லிவர் காரில் மொத்தம் ஒரு பிழை. அம்புக் காரில் ஆறு. ரவுண்டானாவில் நுழைகிற வரை எல்லோரும் ராஜா மாதிரி ஓட்டினார்கள். வெளியே வருகிற இடத்தில், சக்கரம் ஒடிந்திருக்கும்போது, கட்டைவிரல் திக்குத் தெரியாமல் தடவியது. ஒருவர் இரண்டு அம்பையும் தொட்டுவிட்டு, "கடவுளே" என்று கையை எடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மனசுக்குள் மட்டும் ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கும்மாளம்.

கண்ணாடி விடவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கெல்லாம் பழக்கம் இல்ல, அவ்வளவுதான். நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு விஷயமே கிடையாது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறீங்களாமே. அம்புக் கார நீங்க ஓட்டுங்க. ரவுண்டானாவ அஞ்சு சுத்து. ஒரே ஒரு தப்பு நடந்தா நான் அம்ப எடுத்துடறேன், லிவரே இருக்கட்டும். ஒரு தப்பும் நடக்கலைன்னா அம்புதான். சொந்த அக்காவே ஓட்டினா அப்புறம் யாரும் குறை சொல்ல முடியாதில்ல?"

மனுஷன் கெட்டிக்காரர். என் தங்கச்சியின் மூன்று வருஷத்தைத் தூக்கி என் கட்டைவிரலில் வைத்துவிட்டார். தூரத்தில் சின்னவள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். குறிப்பெழுதுகிற அம்மா அவளுக்கு விஷயத்தைப் போனில் சொன்னார். சின்னவள் என்னிடம் பேசக் கேட்டாள்.

"ஒழுங்கா ஓட்டு அக்கா" என்றாள்.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். சைலன்சர் பக்கத்து சீட்டில், குறிப்பெழுதுகிற அம்மா பின்னால். ஒரே ஒரு தப்பு போதும். விரல் கொஞ்சம் நழுவினால் லிவர் பிழைக்கும். பண்ணிவிடலாமா என்று யோசித்தேன், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அப்போது சைலன்சர் திரும்பி, "என்ன மேடம், கை நடுங்குதா? இதுக்கெல்லாம் என்னை மாதிரி ஆள் வேணும்" என்றார்.

அவ்வளவுதான். எனக்குத் தங்கச்சியும் மறந்துபோனாள், லிவரும் மறந்துபோனது. இந்த ஆள் முன்னால் என் பெயருக்கு நேரே ஒரு பிழையா? நானா? நியாயத்துக்காக ஒழுங்காக ஓட்டினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். வீம்புக்காகத்தான் ஓட்டினேன்.

முதல் சுற்றிலேயே சூட்சுமம் பிடிபட்டது. வெளியே வரும் இடத்தில் சட்டென்று குனிந்து சக்கரத்தைப் பார், அம்பு எங்கே போய் நிற்கிறது என்று கண்டுபிடி, தொடு, நிமிர். அரை விநாடி, மிஞ்சிப்போனால் ஒரு விநாடி. இரண்டாவது சுற்று சரி. மூன்றாவது சரி. நான்காவது, ஐந்தாவது எல்லாம் சரி. குறிப்பெழுதுகிற அம்மா பெரிதாக ஒரு பூஜ்ஜியம் போட்டார். சைலன்சர், "ஒத்துக்கறேன் மேடம்" என்று முனகினார். நான் இறங்கினபோது நாலு பேர் கை தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்று எல்லோரிடமும் தாளைக் காட்டினார்.

அப்போதுதான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. சின்னவள் ஒரு கூம்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். அவள் கால்சட்டையில் முழங்கால் வரை புழுதி. உள்ளங்கை சிராய்த்திருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, விழுந்துட்டேன்."

"எப்படி விழுந்தே?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீ... என்னப் பாக்கலையா?" என்றாள். மிகவும் சின்னக் குரலில்தான் கேட்டாள். "நாலாவது சுத்துல. கூம்பு ஒண்ணு ரோட்டுல உருண்டுடுச்சு. எடுக்க இறங்கினேன். உனக்குக் கையக் காட்டினேன். நீ வேகத்தக் குறைக்காம வந்தே. பாத்துட்டுத்தான் வர்றேன்னு நெனச்சேன். கடைசியில ஒரு கை தூரம்தான் இருந்துச்சு, குதிச்சிட்டேன்."

மஞ்சள் கோட்டு. பட்டப்பகல். என் சொந்தத் தங்கச்சி கையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. குனிந்து அம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பிரேக்கில் கால் வைத்திருந்த சைலன்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவரும் பார்க்கவில்லை. நான் எப்போது தப்புப் பண்ணுவேன் என்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்னால் இருந்த அம்மாவும் விரலைத்தான் பார்த்திருக்கிறார். காரில் மூன்று பேர், ஆறு கண், ஆறும் ஒரு கட்டைவிரல் மேல்.

சின்னவள் அதோடு விட்டுவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. நானும் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. கை தட்டின நாலு பேர் அம்பில் ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். என் சத்தியம் அங்கேதான் உடைந்தது.

"சார், அந்தத் தாளக் கொடுங்க" என்று கண்ணாடியின் கையிலிருந்து பிடுங்கினேன். "இதுல கண்ணு எங்க இருந்துச்சுன்னு எழுத இடமே இல்லையே? நான் ஒவ்வொரு சுத்துலயும் ரோட்ட விட்டுட்டு ஸ்டியரிங்கப் பாத்தேன். என் தங்கச்சி நடுரோட்டுல கையத் தூக்கிட்டு நின்னிருக்கா. நான் அவளப் பாக்கல. என்கிட்ட பழக வர்றவங்க யாராவது இப்படி ஓட்டியிருந்தா, அந்த இடத்துலயே வண்டிய நிறுத்தி இறக்கி விட்டிருப்பேன்."

"மேடம், உங்க தங்கச்சி மேல இருக்கிற பாசத்துல..." என்று இழுத்தார் அவர்.

"பாசமா? பாசம் இருந்திருந்தா ஒரு தப்புத் தொட்டிருக்க மாட்டேனா? நீங்களே வழி சொல்லிக் கொடுத்தீங்களே! பூஜ்ஜியம் எடுத்திருக்கேன் சார். பெருமைக்கு ஓட்டினேன். பூஜ்ஜியமும் எடுத்துட்டு ஆளையும் அடிக்கப் பாத்தேன்."

என் ஸ்கூலில் எழுதுவது போலவே அந்தப் பூஜ்ஜியத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'ஃபெயில்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

கண்ணாடி கோட்டைக் கழற்றி மேஜை மேல் போட்டார். "நானே ஓட்டிப் பாக்கறேன். நான் குனியாம ஓட்டுவேன்" என்றார். சின்னவளிடம், "நீங்க போய் அதே இடத்துல நில்லுங்க" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் கூம்பைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். நிமிர்ந்து, நேராக, திரும்பிப் பார்க்காமல் போனாள். ரவுண்டானாவிலிருந்து வெளியே வரும் பாதையில், சரியாகத் தான் குதித்த இடத்தில், மஞ்சள் கோட்டோடு நின்று கையைத் தூக்கினாள். அடடா, என்ன நெஞ்சழுத்தம்! என் தங்கச்சி அப்படி நிற்பாள் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

கண்ணாடி காரில் ஏறினார். எஞ்சின் ஓடியது. கட்டைவிரலை அம்பின் மேல் வைத்தார். சக்கரத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், அம்பு கூடவே சுழன்று போனது. நிமிர்ந்து தூரத்தில் நிற்கிறவளைப் பார்த்தார். மறுபடி அம்பைப் பார்த்தார். கார் நகரவில்லை. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். எஞ்சின் சத்தம் நின்றது. அவர் இறங்கிச் சாவியைக் குறிப்பெழுதுகிற அம்மாவிடம் கொடுத்தார்.

"அவங்கள அங்க நிக்க வேணாம்னு சொல்லுங்க" என்றார். "இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க. லிவரே இருக்கட்டும்."

அவர் மேல் அந்த நிமிஷம்தான் எனக்கு மரியாதை வந்தது. ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று ஓட்டியிருக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். அவர் செய்யவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது சின்னவள் சிராய்த்த உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, உண்மையச் சொல்லு. நீ என்னப் பாத்தேதானே? எனக்காகத்தானே பாக்கலைன்னு சொன்னே?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "உனக்காக நான் என் பேரக் கெடுத்துப்பேனா? அதுவும் அந்த ஆள் முன்னாடி? நிஜமாவே பாக்கலடி" என்று கத்தினேன். கத்த ஆரம்பித்தது அழுகையாக முடிந்துவிட்டது. அவள்தான் என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். தட்டியது சிராய்த்த கையால்.

அந்த ஃபெயில் தாளைக் கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, ஸ்கூல் சுவரில் என் லைசென்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். சேர வருகிறவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே கதையைச் சொல்லிவிடுவேன். போன வாரம் ஒருத்தர், ஃபெயிலான டீச்சரிடம் நான் பழக மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். போகட்டும். ஒரு நாள் அவர் வாங்கப்போகிற காரில் அவர் விரல் தேடாமல் போய்ப் பிடிக்கப்போவது என் தங்கச்சி செய்த லிவரைத்தான்.